ஒரு காது திறந்திருக்கட்டும்

நேயர்களின் காதுக்குள் பேசிப் பிழைப்பவள் நான். அந்த நானே இன்று, காதில் மாட்டியிருப்பதைக் கழற்றுங்கள் என்று சொல்லப் போகிறேன்.

மாலை நிகழ்ச்சியை முடித்து வீடு திரும்ப ஒன்பது மணியாகிவிடும். அதனால் எனக்கு வாய்த்தது இரவு ஓட்டம்தான். காலாங் ஆற்றோரப் பூங்கா இணைப்புப் பாதையில் வாரம் மூன்று நாள் ஓடுகிறேன்.

சென்ற மாதம் ஒருநாள், மழை விட்ட நேரம். இரண்டு காதிலும் பாட்டு. கறுப்பு டீ-சட்டை, கறுப்புக் கால்சட்டை. வழியில் தண்ணீர் தேங்கியிருந்தது. திரும்பிப் பார்க்காமல் வலப்பக்கம் ஒதுங்கினேன். பின்னால் வந்த சைக்கிள் என் முழங்கையை உரசிச் சரிந்தது.

எனக்கு வெறும் சிராய்ப்பு. விழுந்தவர் உணவு விநியோகம் செய்யும் இளைஞர். முட்டியில் ரத்தம், பைக்குள் கொட்டிய சூப். "நாலு தடவை மணி அடிச்சேன், அக்கா," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக் காசைக் கொடுத்துவிட்டேன். அவருக்குப் போன நேரத்தை எப்படிக் கொடுப்பது?

இரவு ஓட்டம் என்றால் இருட்டில் யார் வருவார்களோ என்றுதான் பயப்படுகிறோம். அந்தக் கவனம் வேண்டும்தான். ஆனால், நம்மாலும் அடுத்தவருக்கு ஆபத்து வரலாம் என்று தோன்றுவதில்லை. சைக்கிளோட்டிகளோடு பகிர்ந்துகொள்ளும் பாதைகளில் வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர். அதாவது, விநாடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர். இருட்டில் கறுப்புச் சட்டைக்காரரைக் கண்டு, பிரேக் பிடித்து நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இப்போது சில பழக்கங்களை மாற்றிக்கொண்டேன். ஒரு காதில் மட்டும் பாட்டு, அதுவும் மெல்லிய ஒலியில். வெளிர் நிறச் சட்டை, இடுப்பில் சிறு விளக்கு. எப்போதும் இடப்பக்கம், விலகுமுன் தோளுக்கு மேல் ஒரு பார்வை. மழைக்குப் பிறகு ஈர இலைகளிலும் மரப்பலகைப் பாதையிலும் நடைதான். கிளம்பும்போதே நான் இருக்குமிடத்தை அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் பகிர்ந்துவிடுகிறேன். 24 கிலோமீட்டர் நீளமுள்ள பழைய ரயில் தடத்தில் விளக்கில்லாத பகுதிகள் உண்டு; அங்கே ஓடுவது விடிந்த பிறகுதான். நீர்நாய்க் குடும்பம் குறுக்கே வந்தால் நின்று வழிவிடுகிறேன். படம் எடுக்க அருகே போவதில்லை. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ 'இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே' என்ற வீம்பு வேண்டாம். உட்கார்ந்து 995ஐ அழையுங்கள். விழுந்து கிடப்பவரைப் பார்த்தாலும் அப்படியே.

போன வாரம் பின்னால் மணிச் சத்தம் கேட்டது. முதல் மணியிலேயே ஒதுங்கினேன். "தேங்க்ஸ் அக்கா!" என்று கையசைத்தபடி ஒருவர் கடந்து போனார். அதே தம்பியா என்று தெரியவில்லை. முதுகில் பை மட்டும் தெரிந்தது.

வானொலியா? வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுக் கேளுங்கள். நாங்கள் எங்கும் போய்விட மாட்டோம்.