தாத்தாவின் உர நோட்டு

செவிலிமேடு வாசகர் ஒருவர்: “உரக்கடையில் விற்பனையாளராக இருந்து ஓய்வு பெற்ற என் தாத்தா போன மாதம் காலமானார். ‘சூப்பரை அடியுரமாகப் போடு, ஜிங்க்கை அதோடு கலக்காதே’ என்று தன் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். இப்போதும் அது பொருந்துமா?”

பொருந்தும். மணிச்சத்து மண்ணில் அதிகம் நகராது. அதனால்தான் சூப்பர் பாஸ்பேட்டைக் கடைசி உழவில் போடச் சொல்கிறோம். ஜிங்க் சல்பேட்டை அதோடு கலந்தால், துத்தநாகம் பயிர் எளிதில் எடுக்க முடியாத உப்பாகிவிடும். நெல்லுக்கு ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை 20 கிலோ மணலில் கலந்து, நடவுக்கு முன் தனியாகத் தூவுங்கள்.

நீங்கள் எழுதிய கடையை வைத்தே ஆளைத் தெரிந்துகொண்டேன். ராணிப்பேட்டையில் 1906-லேயே சூப்பர் தயாரிக்கத் தொடங்கிவிட்டார்கள். மூட்டை விற்றவர்கள் ஏராளம். எப்போது போடுவது என்று சொல்லி விற்றவர்கள் குறைவு. நட்டு ஒரு மாதம் கழித்துச் சூப்பர் கேட்டு வந்த பாலாற்றங்கரை விவசாயியை, “இப்ப வேணாம்பா, அடுத்த போகத்துக்கு வாங்கிக்கோ” என்று அவர் திருப்பி அனுப்பியதை நேரில் பார்த்திருக்கிறேன். விற்பனைக் கணக்கு குறைந்தால் முதலாளியிடம் பேச்சு வாங்குவதும் அவர்தான்!

நோட்டைப் பத்திரமாக வையுங்கள். அதிலுள்ள அளவுகளை மட்டும் மண் பரிசோதனை செய்த பிறகு பின்பற்றுங்கள். வருடக்கணக்கில் சூப்பர் போட்டு வந்த வயலில் மணிச்சத்து தேங்கியிருக்கும். இந்தப் போகத்துக்குப் பாதி மூட்டைகூடத் தேவைப்படாமல் போகலாம்.