வேன் வசதி உண்டு

மாண்புமிகு தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

திருப்பூரிலிருந்து எழுதுகிறேன். வயது 31. பி.காம். படித்திருக்கிறேன். பனியன் கம்பெனியில் ஆறு வருடம் கணக்கு எழுதிய அனுபவம் உண்டு. ஒரு வயது ஏழு மாதத்தில் ஒரு மகன். இந்தக் கடைசி வரியை என் பயோடேட்டாவில் நான் போடுவதில்லை. ஆனாலும் எல்லா இன்டர்வியூவிலும் முதலில் விசாரிக்கப்படுவது அதுதான்.

போன மாதம் ஒரு வேலைவாய்ப்பு முகாமுக்கு அவனையும் தூக்கிக்கொண்டு போனேன். வேறு வழியில்லை. கணவருக்கு அன்று ஆர்டர் அவசரம். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஏற்கெனவே இரண்டு முறை கடன்பட்டிருந்தேன். மூன்றாம் முறை கேட்க வாய் வரவில்லை. ஒன்றரை மணி நேரம் வரிசை. குடிக்கத் தண்ணீர் கேன் வைத்திருந்தார்கள், ஓரமாக ஜெராக்ஸ் மெஷின்கூட இருந்தது. குழந்தையை இறக்கிவிட ஒரு பாய் விரித்த மூலை இல்லை. என் முறை வந்தபோது அவன் என் தோளில் தூங்கியிருந்தான். மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் என் சர்டிபிகேட்டைப் பார்க்காமல் அவனைப் பார்த்தார்.

“குழந்தைய யாருங்க பார்த்துக்குவாங்க?”

“வேலை கிடைச்சா டே கேர்ல விட்டுருவேங்க.”

“முதல்ல அத ஏற்பாடு பண்ணிட்டு வாங்க.”

டே கேருக்கு முன்பணம் கட்ட வேலை வேண்டும். வேலைக்குச் சேர டே கேர் வேண்டும். எதை முதலில் பிடிப்பது என்று அவர் சொல்லவில்லை. இதே மகனுக்கு அப்பாவான என் கணவர் கட்டிங் மாஸ்டர். இவன் பிறந்த பிறகு மூன்று கம்பெனி மாறிவிட்டார். ஓரிடத்திலும் அவரிடம் இந்தக் கேள்வி வரவில்லை.

திருப்பூரில் வேலை கிடைக்கவில்லை என்று சொன்னால் ஊரே சிரிக்கும் என்று எனக்குத் தெரியும். சுவருக்குச் சுவர் நோட்டீஸ்: சிங்கர் டெய்லர் தேவை, செக்கிங் பெண்கள் தேவை, அக்கவுன்ட்ஸ் அனுபவமுள்ளவர் தேவை. அடியில் கொட்டை எழுத்தில் ‘வேன் வசதி உண்டு’. காலையில் வாசலுக்கு வந்து ஏற்றிப்போய், ஒன்றரை ஷிப்ட் முடிந்து ராத்திரி எட்டரைக்கு மேல் கொண்டுவந்து இறக்கிவிடும் அளவுக்கு அக்கறை. பன்னிரண்டு மணி நேரத்துக்கு வீட்டில் இருக்கும் பிள்ளையை எங்கே இறக்கி வைப்பது என்பதற்கு அந்த நோட்டீஸில் இடமில்லை.

ஒரு கணக்குப் பிள்ளையாக இதை எழுதிப் பார்த்தேன். கடைசியாக எனக்குச் சொன்ன சம்பளம் 14,000. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போகக் கைக்கு ஏறக்குறைய 12,500 வரும். எங்கள் பகுதியில் நான் விசாரித்த டே கேரில் மாதம் 5,500. அது மாலை ஆறு மணி வரைக்கும்தான். அதற்கு மேல் மணிக்கு ஐம்பது ரூபாய். ஏழரைக்கு முன் என்னால் போய்ச் சேர முடியாது. ஆக ஒரு நாளைக்கு 75, மாதம் 26 நாளுக்கு 1,950. மீதி 5,050. அவனுக்குச் சளி பிடித்தால் அங்கே சேர்க்க மாட்டார்கள், கட்டிய பணமும் திரும்ப வராது. அன்று எனக்கும் லீவு, சம்பளமும் போகும். மாதம் இரண்டு நாள் சளி என்று வைத்தாலும் (ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு இது குறைந்தபட்சக் கணிப்பு) நாலாயிரத்துச் சொச்சம்தான் நிற்கும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் புண்ணியத்தால் அது அப்படியே தப்பியது.

நாலாயிரமானாலும் போகிறேன் என்றுதான் நினைத்தேன். வீட்டிலேயே இருந்தால் அனுபவம் ஆறு வருடத்தோடு நின்றுபோகும், ஜிஎஸ்டியில் புதிதாக என்ன மாறியது என்றுகூடத் தெரியாமல் போகும். நாலாயிரமும் எனக்கு முக்கியம்தான். சிக்கல் முதல் மாதத்தில். டே கேரில் சேர்க்கைக் கட்டணம் 3,000, ஒரு மாதப் பணம் முன்கூட்டியே: மொத்தம் 8,500. சம்பளம் வருவதோ அடுத்த மாதம் ஏழாம் தேதி. நடுவில் இருக்கும் அந்த ஐந்து வாரத்தைத் தாண்ட முடியாமல்தான் கைக்கு வந்த இரண்டு வேலையை விட்டேன். நகையை வைத்து மேல்படிப்புக்குப் பணம் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலைக்குப் போக நகை வைப்பது எனக்குப் புதிதாகத் தெரிந்தது. மனம் ஒப்பவில்லை.

அரசிடம் உதவி இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. தங்கள் துறையிலேயே வேலையில்லா இளைஞர்களுக்கு உதவித்தொகை உண்டு. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய், மூன்று ஆண்டுகளுக்கு. அதைப் பெற வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000-க்குள் இருக்க வேண்டும். மாதத்துக்கு ஆறாயிரம்! நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டின் வாடகையே ஐந்தாயிரம். என் பதிவு என்னவோ உயிரோடுதான் இருக்கிறது. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதால், பிரசவ வார்டில் படுத்துக்கொண்டே செல்போனில் புதுப்பித்தேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் நான் குழந்தைக்குப் பெயர் தேடுகிறேன் என்று நினைத்தாள்.

2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாய் எனக்கு வருகிறது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன். பால் கணக்கு அதில்தான் தீர்கிறது. வீட்டில் நாங்கள் பார்க்கும் வேலைக்கு ஒரு மதிப்பு உண்டு என்று அரசு வாய்திறந்து சொன்னதும் அதில்தான். ஆனால் அதற்கு வருமான வரம்பு இரண்டரை லட்சம். கணவரின் சனிக்கிழமைச் சம்பளம் 4,500. வருடம் முழுக்க வேலை இருந்தால் 2,34,000. என்னுடைய 1,68,000 சேர்ந்தால் நாலு லட்சத்தைத் தாண்டும். விதிப்படி பார்த்தால் நான் வேலைக்குப் போன நாளே அந்த ஆயிரத்துக்கும் தகுதி போகும். ஒரே மாநிலத்தில் ஒரு திட்டத்துக்கு 72,000-த்தைத் தாண்டினால் வசதியான குடும்பம், இன்னொன்றுக்கு இரண்டரை லட்சம் வரை ஏழைக் குடும்பம். இரண்டு ஃபைலும் ஒரே மேசைக்கு எப்போதாவது வந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

அங்கன்வாடி இருக்கிறதே என்பார்கள். இரண்டு வயதானால்தான் மையத்தில் உட்காரவைப்பார்கள். அதுவரை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவது சத்துமாவு. இரண்டு வயதான பிறகும் மாலை நாலு மணிக்குள் வந்து கூட்டிப்போக வேண்டும். மகப்பேறு விடுப்பு 26 வாரம், இ.எஸ்.ஐ.யில் முழுச் சம்பளத்தோடு எனக்குக் கிடைத்தது, நன்றி. 27-ஆவது வாரத்திலிருந்து இரண்டாவது பிறந்தநாள் வரைக்கும் நடுவில் ஒன்றரை வருடம் இருக்கிறதே, அது எந்தத் துறையின் பொறுப்பு? அந்த ஒன்றரை வருடத்தில்தான் நான் வேலையை விட்டேன். திரும்பச் சேர்ந்து மூன்று வாரம்தான் தாக்குப்பிடிக்க முடிந்தது.

அங்கன்வாடி சமூக நலத்துறை, அது என் பொறுப்பல்ல என்று தாங்கள் சொன்னால் நியாயம்தான். தங்கள் கையில் இருப்பதற்கு வருகிறேன். ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஓர் அறை வேண்டும் என்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. 2017-ல் வந்த மகப்பேறு நலச் சட்டத் திருத்தம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றது. இப்போது சட்டங்களைத் தொகுப்புகளாக மாற்றியிருக்கிறார்கள்; காப்பகம் அவற்றிலும் இருக்கிறது. நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்திலும் இருந்தது. உள்ளே அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கும். வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வரும் நாளில் பெட்டிகள் மாடிக்குப் போகும், தொட்டில் கீழே இறங்கும். ஒருமுறை தொட்டிலில் போடக் குழந்தை இல்லாமல், செக்கிங் அக்கா ஒருவரின் பேத்தியைக் கொண்டுவரச் சொன்னார்கள். அவளுக்கு வயது ஐந்து. தொட்டிலில் கால் நீட்ட முடியாமல் அழுதாள்.

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் தங்கள் துறைக்கு உட்பட்டது. அதன் ஆய்வாளர் சொல்லாமல் ஒரு நாள் வந்தால் எந்த அறையில் பிள்ளை இருக்கிறது, எதில் பெட்டி இருக்கிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதைவிடப் பெரிய ஓட்டை வேறு. எங்கள் தெருவில் பத்து யூனிட். ஒவ்வொன்றிலும் இருபது இருபத்தைந்து பேர். எதுவும் சட்டத்தின் எண்ணிக்கைக்குள் வராது. தெருவாகக் கூட்டினால் இருநூறு பேருக்கு மேல். பத்து முதலாளிகளும் பங்கு போட்டுத் தெருவுக்கு ஒரு காப்பகம் நடத்தினால் ஒருவர் தலையிலும் பெரிதாக விழாது. பாதியை அரசு ஏற்றால் அவர்கள் மறுக்கவும் மாட்டார்கள். ஆள் கிடைக்கவில்லை என்று புலம்புவது அவர்கள்தானே.

அதோடு அந்த 600 ரூபாய். ஐந்து வருடம் காக்கவைத்து, 36 மாதம் பிரித்து, மொத்தம் 21,600 தருகிறீர்கள். வேலைக்கான ஆர்டரைக் கையில் வைத்திருக்கும் ஒரு தாய்க்கு அதில் 8,500-ஐ முதல் மாதமே, டே கேருக்கு நேராகக் கட்டிவிடுங்கள். எஞ்சியதை அரசே வைத்துக்கொள்ளட்டும்.

எங்களுக்குச் சொந்த ஊர் தேனிப் பக்கம். மாமியாரை வரவழைக்கலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். அவருக்கு அங்கே நாலு ஆடு, நூறு நாள் வேலை. அவரும் வேலைக்குப் போகிற பெண்தான் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. அவர் வேலையைப் பற்றி விசாரித்தபோதுதான் ஒன்று தெரிந்தது. 2005-ல் வந்த அந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்தில், வேலை நடக்கும் இடத்தில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் ஐந்து பேர் சேர்ந்துவிட்டால், அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்தி அவளுக்கும் கூலி தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். வாய்க்கால் வெட்டும் இடத்துக்கு யோசித்ததை வேலைவாய்ப்பு முகாமுக்கு யோசிக்க முடியாதா? ஒரு மரநிழல், ஒரு பாய், தண்ணீர், அன்றைய கூலிக்கு ஓர் அக்கா. அந்த வரிசையில் என்னைப் போல் பிள்ளையோடு நின்றவர்களை எண்ணினேன், பதினொரு பேர்.

அடுத்த முகாமுக்கும் வருவேன். அவனையும் கூட்டிக்கொண்டுதான். இப்போது நன்றாக நடக்கிறான். மேசைக்கு அடியில் புகுந்து கம்ப்யூட்டர் ஒயரை இழுப்பான் என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பி.காம். பட்டதாரி,
திருப்பூர்