கணக்குக் கேட்பதும் அறமே

நுழையுமுன்

தாயகத்தை விட்டுத் தொலைவில் வாழ்வோர்க்கு ஊரிலிருந்து வரும் துயரச் செய்தி கூடுதல் வலியைத் தரும். அவ்வேளையில் நாம் அனுப்பும் உதவி உரியவரைச் சென்று சேர்கிறதா என ஆராய்வது நம் கடமை என்பதை இக்கருத்துக் கட்டுரை எடுத்துரைக்கிறது.

தில்லியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். இரவு உணவு முடிந்த வேளை. தந்தையின் கைப்பேசிக்கு ஒரு செய்தி வருகிறது. சென்னையில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று உயிருக்குப் போராடுகிறது என்றும், அறுவைச் சிகிச்சைக்கு நாளைக்குள் பணம் கட்ட வேண்டும் என்றும், தமிழராய்ப் பிறந்த ஒவ்வொருவரும் உதவ வேண்டும் என்றும் அது கூறுகிறது. குழாய்கள் பொருத்தப்பட்ட குழந்தையின் படமும், அதன்கீழ்ப் பணம் அனுப்புவதற்கான கியூஆர் குறியீடும் உள்ளன.

"பாவம், நம் ஊர்க் குழந்தை. ஏதாவது அனுப்புங்கள்" என்கிறார் தாய். தந்தையும் 1,000 ரூபாய் அனுப்ப முனைகிறார். அப்போது எட்டாம் வகுப்பில் பயிலும் மகள், "அப்பா, அந்தக் குழந்தை எந்த மருத்துவமனையில் இருக்கிறது?" என்று வினவுகிறாள். செய்தியை மீண்டும் படிக்கிறார்கள். மருத்துவமனையின் பெயர் இல்லை. மருத்துவரின் பெயர் இல்லை. செய்தி எழுதப்பட்ட நாளும் இல்லை. 'நாளைக்குள்' என்றால் எந்த நாளைக்குள்?

அம்மகளின் கேள்வி இரக்கமற்றது எனச் சிலர் கருதலாம். துன்பத்தில் இருப்பவருக்காகக் கேட்கும்போது சான்று கேட்பது ஈகைக்கு இழுக்கு என்பது அவர்கள் எண்ணம். நான் அவ்வாறு கருதவில்லை. அந்த வீட்டில் ஈகை தொடங்கியதே அக்கேள்வியில்தான் என்பது என் கருத்து.

"நல்லெண்ணத்தோடு கொடுத்தோம், ஏமாற்றியிருந்தால் பாவம் அவனுக்கே" என்று பெரியவர்கள் சொல்வதை நீங்கள் கேட்டிருக்கலாம். கொடுத்தவர் மனத்துக்கு அது ஆறுதல் தரும். ஆனால், அந்த ஆறுதலில் ஒருவர் மறக்கப்படுகிறார். அவர், உண்மையாகவே துன்பப்படுபவர். ஒரு தொகையைப் பிறர்க்கென மனத்தால் ஒதுக்கிய நொடியிலேயே அது நம்முடையது என்னும் நிலை மாறி, துன்பப்படுபவரின் பங்காகி விடுகிறது. அதைப் போலியிடம் கொடுத்தால் நாம் இழப்பது 1,000 ரூபாய். எங்கோ ஒரு நோயாளி இழப்பது தம் மருந்தை. நோயாளிக்கு மருந்து கொண்டு செல்பவர், வீட்டைச் சரிபார்க்காமல் எதிர்ப்பட்டவர் கையில் அதைக் கொடுத்துவிட்டுத் திரும்பலாமா? ஈகையும் அத்தகையதே.

கணக்குப் பார்த்துக் கொடுப்பது நம் மரபுக்குப் புதியதன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளைக் காணுங்கள். அணையாது எரியும் நந்தா விளக்குக்கு ஆடுகளைக் கொடையாக அளிப்பது அக்கால வழக்கம். ஒரு விளக்குக்கு 96 ஆடுகள். அவற்றைப் பெற்றுக்கொண்டவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கொடுத்தவர் யார், ஆடுகளை ஏற்றவர் யார், அவர் அளக்க வேண்டியது எவ்வளவு என்பவையெல்லாம் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. ஏற்றவர் மீது ஐயம் கொண்டதனால் அவ்வாறு எழுதினார்கள் என நாம் நினைப்பதில்லை. விளக்கு அணையக் கூடாது என்னும் அக்கறையே அந்த எழுத்துகளில் தெரிகிறது. இன்று நாம் கேட்கும் பற்றுச்சீட்டும் அத்தகைய எழுத்தே.

புலம்பெயர்ந்து வாழும் நமக்கு இந்த அக்கறை இன்னும் தேவைப்படுகிறது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோதும், 2018 நவம்பரில் கஜா புயல் காவிரிப் படுகையின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோதும், தொலைவில் இருந்த தமிழர் பலர் தம்மால் இயன்றதை அனுப்பினர். உள்ளூரில் இருப்பவர் நேரில் சென்று பார்க்கலாம், அக்கம்பக்கத்தில் கேட்கலாம். நமக்கோ கைப்பேசியில் வரும் செய்தியே கண்ணாகவும் காதாகவும் அமைகிறது. வேற்று மொழிகளுக்கு இடையே வாழும் நமக்குத் தமிழில் வரும் ஒரு வரி உடனே நெருக்கத்தைத் தருகிறது. வஞ்சகர் பயன்படுத்திக் கொள்வதும் அந்த நெருக்கத்தையே. தாய்மொழியில் எழுதப்பட்டது என்பது அன்பு கொள்ளப் போதிய காரணம். நம்புவதற்கு அது மட்டும் போதாது.

எவ்வாறு ஆராய்வது? மருத்துவ உதவி எனில், செய்தியில் உள்ள எண்ணை விடுத்து, மருத்துவமனையின் பொதுத் தொலைபேசி எண்ணை நாமே தேடி அழைக்க வேண்டும். நோயாளியின் தனிப்பட்ட விவரங்களை மருத்துவமனை வெளியிடாமல் இருக்கலாம். ஆயினும், சிகிச்சைக்கான தொகையை மருத்துவமனையின் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்த இயலுமா எனக் கேட்கலாம். தனியொருவரின் கணக்குக்கு மட்டுமே அனுப்ப வேண்டும் என வற்புறுத்தினால் அங்கு நின்று சிந்திக்க வேண்டும்.

தொண்டு நிறுவனம் எனில், அது அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ இலாப நோக்கற்ற நிறுமமாகவோ பதிவு செய்யப்பட்டுள்ளதா எனப் பார்க்கலாம். நீதி ஆயோக்கின் 'என்ஜிஓ தர்பன்' தளத்தில் பதிந்துள்ள தொண்டு நிறுவனங்களுக்குத் தனி அடையாள எண் உண்டு. வருமான வரிச் சலுகைக்குரிய '80ஜி' ஒப்புதல் இருப்பதாகக் கூறினால், வருமான வரித் துறையின் தளத்தில் அதைச் சரிபார்க்கலாம். சென்ற ஆண்டு எவ்வளவு பெற்றீர்கள், எதற்குச் செலவிட்டீர்கள் என்றும் கேட்கலாம். நேர்மையாளர் இக்கேள்விகளை மகிழ்ந்து ஏற்பார்.

அரசு நிவாரண நிதி என்னும் பெயரைக் கண்டதும் அயர்ந்துவிடக் கூடாது. 2020 மார்ச்சு இறுதியில் பிஎம் கேர்ஸ் நிதி தொடங்கப்பட்ட சில நாள்களிலேயே, அதன் யூபிஐ முகவரியைப் போன்ற போலி முகவரிகள் உலவத் தொடங்கின. அவற்றுள் ஒன்றில் பெயரின் இறுதி எழுத்து மட்டும் விடுபட்டிருந்தது. ஓர் எழுத்துப் பிழையால் பொருள் மாறும் என மொழிப்பாடத்தில் படிக்கிறோம். இங்கே ஓர் எழுத்தால் பொருளே பறிபோகிறது! ஆகவே, முகவரியை அரசின் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். பணம் அனுப்புமுன் திரையில் தோன்றும் பெயரையும் படித்துப் பார்க்க வேண்டும். ஏமாந்தது தெரிந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்னும் இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

இவ்வாறு ஆராய்வதிலும் ஓர் எல்லை உண்டு. பதிவு எண் இருப்பதனாலேயே ஒரு நிறுவனம் சிறப்பாகப் பணியாற்றுகிறது என்று பொருளன்று. தெருவில் நாள்தோறும் பத்துப் பேருக்குச் சோறிடும் இளைஞர் குழுவுக்குப் பதிவு எண் இல்லாமலும் இருக்கலாம். அங்கே நேரில் சென்று காணும் நம் கண்களே சான்று. நம் வாசலில் பசியோடு நிற்பவரிடம் எந்தச் சான்றும் கேட்க வேண்டியதில்லை. 'பாத்திரம் அறிந்து பிச்சையிடு' என்பது பழமொழி. இங்குப் பாத்திரம் என்பது தகுதியுடையவரைக் குறிக்கும். அப்பழமொழி அறியவும் சொல்கிறது, இடவும் சொல்கிறது. முதற்பாதியோடு நின்றுவிட்டவர் பழமொழியைப் பின்பற்றியவர் ஆகார்.

அக்குடும்பத்துக்குத் திரும்புவோம். செய்தி போலியெனத் தெரிந்ததும், "எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள்" என்று தந்தை கைப்பேசியை மூடிவைத்தால், வஞ்சகர் இருமுறை வென்றவர் ஆவர்: ஒருமுறை நம் நம்பிக்கையை வைத்து, மறுமுறை நம் ஐயத்தை வைத்து. ஒதுக்கிய 1,000 ரூபாய் மீண்டும் பணப்பைக்குள் போகக் கூடாது. மறுநாள் மகளும் தந்தையும் அமர்ந்து, உண்மையாகவே குழந்தைகளுக்குச் சிகிச்சையளிக்கும் ஓர் அமைப்பைத் தேடிக் கண்டு அனுப்ப வேண்டும். அம்மகள் கேட்ட கேள்வி அப்போதுதான் நிறைவு பெறும்.

சொற்பொருள்

இழுக்கு – குறை, தவறு
நந்தா விளக்கு – அணையாமல் எரியும் விளக்கு
உழக்கு – பழங்கால முகத்தலளவைகளுள் ஒன்று
பற்றுச்சீட்டு – பணம் பெற்றதற்கான சான்று

சிந்தித்து எழுதுக

1. மகளின் கேள்வியை ஆசிரியர் ஈகையின் தொடக்கம் எனக் கருதுவது ஏன்?
2. கோயில் கல்வெட்டும் பற்றுச்சீட்டும் எவ்வகையில் ஒத்தவை?
3. 'வஞ்சகர் இருமுறை வென்றவர் ஆவர்' என்னும் கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? காரணம் தந்து ஒரு பத்தியில் எழுதுக.