சிறுவர் கால்பந்து: பெஞ்சில் உட்காரும் பிள்ளைக்கு நியாயம் வேண்டாமா?

(நமது நிருபர்)

நாகலாபுரம்: ஒன்பது வயதுப் பையன் விடியற்காலையில் எழுந்து, புது பூட்ஸ் மாட்டிக்கொண்டு, அப்பாவுடன் பஸ் ஏறிக் கால்பந்துப் போட்டிக்குப் போனான். மாலையில் வீடு திரும்பினான். பனியனில் துளி மண் இல்லை. மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து அவன் மைதானத்தில் நின்றது நான்கே நிமிடம்!

அண்மையில் என் பக்கத்து வீட்டில் நடந்தது இது. தகப்பனார் தமிழ்நாட்டிலிருந்து இங்கே பிழைக்க வந்தவர். அன்றைய கூலியை விட்டுவிட்டுப் போயிருந்தார். "மாஸ்டரைக் கேட்கலாம் சார். கேட்டால் பையனை டீமை விட்டே எடுத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது" என்றார்.

2022 ஏப்ரலில் நாகலாபுரம் சித்தூரிலிருந்து பிரிந்து திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. கபடியும் கிரிக்கெட்டும் பழகிய ஊர் இது. ஆனால் கால்பந்து தமிழர்களுக்குப் புதிதல்ல. பெங்களூரில் நம்மவர் நிறைந்த கௌதமபுரத்தில் பெலேவுக்குச் சிலையே இருக்கிறது. வடசென்னை வியாசர்பாடியின் கால்பந்துப் பற்றும் ஊரறிந்தது. தெருவில் ஆடும்போது எந்தப் பிள்ளையும் பெஞ்சில் உட்காருவதில்லை. கோப்பை என்று ஒன்று வந்ததும்தான் பெஞ்சும் வந்துவிடுகிறது.

மாஸ்டர் மட்டுமா காரணம்?

எல்லாப் பழியையும் பயிற்சியாளர் தலையில் போடுவது சரியல்ல. ஒரு மாஸ்டர் எல்லாப் பிள்ளைகளையும் ஆடவிடுகிறார். எதிர் அணியின் மாஸ்டர் கெட்டிக்காரர் ஏழு பேரை மட்டும் நிறுத்துகிறார். முதலாமவர் தோற்கிறார். அடுத்த வருஷம் அவரும் மாறிவிடுகிறார். தனி மனிதரின் நல்ல மனதை நம்பினால் இப்படித்தான் முடியும். போட்டி நடத்துகிறவர்கள் விதியாகவே எழுதிவைத்தால் எல்லா அணிக்கும் ஒரே நிலை ஏற்படும்.

நேரம் போதாது என்கிறார்கள். ரயில்வேயில் டியூட்டி பட்டியல் போட்டுப் பழகிய குமாஸ்தாவுக்கு இது பெரிய கணக்கு இல்லை. அணிக்கு 7 பேர், ஆட்டம் 40 நிமிடம் என்றால் மொத்தம் 280 நிமிடம். அணியில் 12 பிள்ளைகள். கோல் கீப்பர் 40 நிமிடமும் நின்றாலும் மீதி 240. அதை 11 பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 21 நிமிடத்துக்கு மேல் வருகிறது. பாதி ஆட்டம் எல்லோருக்கும் கிடைத்துவிடும்!

வெளியே வந்த ஆட்டக்காரர் அதே ஆட்டத்தில் மீண்டும் இறங்க முடியாது என்பது பெரியவர்களின் ஆட்டத்துக்குத்தான். தேசிய சங்கம் அனுமதித்தால் சிறுவர் ஆட்டத்தில் மீண்டும் இறங்கலாம் என்று கால்பந்துச் சட்டமே கூறுகிறது.

வெளிநாட்டில் என்ன வழி?

அமெரிக்காவில் 1964-ல் தொடங்கிய இளைஞர் கால்பந்து அமைப்பு ஒன்றில், அணியில் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது பாதி ஆட்டம் ஆட வேண்டும் என்பது விதி. நார்வே நாடு 1987-லேயே சிறுவர் விளையாட்டுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. அங்கே 13 வயது ஆகும் ஆண்டுக்கு முன் தேசியச் சாம்பியன் போட்டிக்குப் பிள்ளைகளை அனுப்புவதில்லை. அதனால் ஆட்டம் கெட்டுவிட்டதா? இன்று உலகம் அறிந்த கோல் வீரர் எர்லிங் ஹாலண்ட் வளர்ந்தது அந்த நாட்டில்தான்.

நம் நாட்டிலும் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2018-ல் சிறு பிள்ளைகளுக்கென்றே 'கோல்டன் பேபி லீக்' தொடங்கியது. அந்த எண்ணம் நம் ஊர் மைதானத்துக்கும் வர வேண்டும்.

வயதில் ஒரு சூது

இன்னொரு விஷயம். டிசம்பர் 31-ஐ வைத்து வயது கணக்கிட்டால், ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு. ஒன்பது வயதில் பதினொரு மாத வளர்ச்சி சாமானியமா? உயரமானவனை மாஸ்டர் 'திறமைசாலி' என்கிறார். குள்ளமானவன் பெஞ்சுக்குப் போகிறான். ஆடாதவன் எப்படித் தேறுவான்? வெற்றி வெறி முற்றினால் வயதைக் குறைத்துக் காட்டும் மோசடியும் நுழைகிறது. அதைத் தடுக்க மத்திய அரசு 2010-ல் தனி விதித்தொகுப்பே கொண்டுவர வேண்டியதாயிற்று.

எல்லை எது?

எல்லா வயதுக்கும் சமநேரம் என்று நான் வாதிடவில்லை. பள்ளிகளுக்கான சுப்ரதோ கோப்பை 1960 முதல் நடந்துவருகிறது. அங்கே போகும்போது திறமைக்கே முதலிடம். ரயில்வேயிலேயே விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பெற்றவர்கள் உண்டு. அவர்கள் உழைப்பை நான் அறிவேன். ஆனால் 12 வயது வரை பிள்ளை கற்றுக்கொள்ளும் காலம். பயிற்சிக்கு ஒழுங்காக வரும் பிள்ளைக்குப் பாதி ஆட்டம் என்பது சலுகை அல்ல, நியாயம்.

பெற்றோர் பணம் கட்டும் முன்பே இதைக் கேட்க வேண்டும். ஒருவர் கேட்டால் மாஸ்டருக்குக் கோபம் வரலாம். பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் அது விதியாகும். பஸ் கட்டணம் எல்லாத் தகப்பனுக்கும் ஒன்றுதான்.

பக்கத்து வீட்டுப் பையன் இப்போது மைதானத்துக்குப் போவதில்லை. புது பூட்ஸ் வாசலில் கிடக்கிறது. அடுத்த வருஷம் அது அவன் காலுக்குச் சேராது.