குடியும் குடியும்

தமிழில் 'குடி' என்ற சொல்லுக்கு இரண்டு முகம். ஒன்று மது, இன்னொன்று குடும்பம். இரண்டையும் ஒரே வரியில் வைத்து, 'குடி குடியைக் கெடுக்கும்' என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். குடியைத் தொழிலாக வைத்துக்கொண்டே ஒரு குடி தலைமுறை தலைமுறையாக நிலைத்திருக்கும் இடம் ஒன்றைப் போன விடுமுறையில் பார்த்துவிட்டு வந்தேன்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். மெல்பர்னிலிருந்து வடக்கே சுமார் 120 கிலோமீட்டர். நகாம்பி என்ற சிற்றூருக்குப் பக்கத்தில், கோல்பர்ன் ஆற்றங்கரையில் இருக்கிறது தாபில்க் திராட்சைத் தோட்டம். பூர்வகுடி மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர். 'நீர்நிலைகள் நிறைந்த இடம்' என்று பொருள். தோட்டம் தொடங்கியது 1860-இல். 1925-இல் அதை வாங்கிய பர்பிரிக் குடும்பம்தான் தொடர்ந்து நடத்தி வருகிறது. 1931-இல் எரிக் பர்பிரிக் பொறுப்பேற்றார். பிறகு அவர் பேரன் அலிஸ்டர் வந்தார்.

காரை ஓட்டியது என் தங்கை. மெல்பர்னில் தாதியாக வேலை செய்கிறாள், மதுவைத் தொட மாட்டாள். இப்படிப்பட்ட பயணத்துக்கு அப்படி ஒருவர் கட்டாயம் வேண்டும். அங்கே ஓட்டுநரின் ரத்தத்தில் மதுவின் அளவு 0.05 விழுக்காட்டைத் தொட்டாலே குற்றம்.

மரக்கூரையும் தடித்த சுவருமாகப் பழைய கட்டடம். கீழே போனால் நிலவறை, குளுகுளுவென்று இருக்கிறது. ஆனால், இவர்களின் வெள்ளை ஒயின் பிறப்பது மரப்பீப்பாயில் இல்லை. திராட்சையைப் பிழிந்ததும் தோலைப் பிரித்துவிட்டு, சாற்றை மட்டும் எஃகுத் தொட்டியில் குளிர்ச்சியாக வைத்து நொதிக்க விடுகிறார்கள். சூடு ஏறினால் பழத்தின் மணம் பறந்துவிடுமாம்.

இங்கே பெயர் வாங்கியது மார்சான் என்ற வெள்ளைத் திராட்சை. பூர்வீகம் பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கு. 1927-இல் நட்ட மார்சான் கொடிகள் இன்னும் காய்க்கின்றன. உலகிலேயே மிகப் பழைய மார்சான் கொடிகளில் அவையும் சேரும்.

சுவைக்க முதலில் வந்தது இளம் மார்சான். கிட்டத்தட்ட தண்ணீர் நிறம். கிண்ணத்தை மெல்லச் சுழற்றி, முகர்ந்து, ஒரு மிடறு. பிடித்தால் விழுங்கலாம், இல்லாவிட்டால் பக்கத்தில் வைத்திருக்கும் பாத்திரத்தில் துப்பலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஊற்றிக் கொடுத்த பெண்மணி ஏதேதோ ஐரோப்பியப் பூக்களின் பெயரைச் சொன்னார். வானொலிக்காரனுக்குக் கண்ணால் காட்டாததைச் சொல்லால் காட்டித்தான் பழக்கம். அதனால் நானே சொல் தேடினேன். நகத்தால் கீறிய எலுமிச்சைத் தோல். அவ்வளவுதான்.

அடுத்து வந்தது பல ஆண்டுகள் புட்டியிலேயே கிடந்த மார்சான். அதே திராட்சை, அதே தோட்டம். நிறமோ பொன். சிவப்பு ஒயின் வயதாக ஆக வெளுக்கும். வெள்ளை ஒயின் நிறம் கூடும். இப்போது எலுமிச்சை பின்னால் போய், தேன் தடவி வாட்டிய ரொட்டியின் வாசனை முன்னால் வந்து நின்றது. அதில் யாரும் தேன் சேர்க்கவில்லை. காலம் செய்த வேலை.

"அண்ணே, பாட்டி இருந்திருந்தா உங்கள விளக்குமாத்தால அடிச்சிருப்பாங்க," என்றாள் தங்கை.

அடித்திருப்பார். காரணமும் உண்டு. பாட்டி தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். சம்பள நாளில் பாதிப் பணம் கள்ளுக்கடையிலேயே நின்றுவிட்ட கதைகளைச் சொல்வார். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று. கூலி உயர்வு கேட்ட அதே மூச்சில் அதையும் கேட்டார்கள்.

தாபில்க்கும் தோட்டம்தான். பாட்டி வேலை செய்ததும் தோட்டம்தான். இங்கே 1927-இல் கொடி நட்டவர்கள், அது தங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் காய்க்கும் என்று நம்பி நட்டிருக்கலாம், மண் அவர்களுடையது. பாட்டி வெட்டிய மரமும் அவருடையது இல்லை, குடியிருந்த லயத்து வீடும் அவருடையது இல்லை. அங்கே குடி என்பது உடல்வலியை மறக்க விற்ற சரக்கு. இங்கே குடி என்பது பேரனுக்கு விட்டுப்போகும் சொத்து. கெடுத்ததும் வாழவைத்ததும் வெறும் திரவம் மட்டும்தானா என்று காரில் திரும்பும்போது தங்கையிடம் கேட்டேன். "அதெல்லாம் சரி, வார்டுக்கு வர்ற கல்லீரல் நோயாளிக்கு விலை உயர்ந்த ஒயின், மலிவான சம்சுன்னு வித்தியாசம் கிடையாதுண்ணே," என்றாள். தாதி சொன்னால் தாதி சொன்னதுதான்.

குடிக்காதவர்களும் தாராளமாகப் போய் வரலாம். தோட்டத்தை ஒட்டிய ஈரநிலத்தில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். பறவைகளைப் பார்த்தபடி பிள்ளைகளோடு நடக்கலாம். சுவைப்பவர்கள் வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போகாதீர்கள், தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள், துப்பக் கூச்சப்படாதீர்கள். சாவியை மட்டும் குடிக்காதவரிடம் முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.