வந்த பரிசைக் கொடுத்தால் குற்றமா?



பொங்கலன்று எங்கள் குடியிருப்பில் தம்போலா. 90 எண்களையும் கூப்பிடும் வேலை வழக்கம்போல் எனக்கு. சீட்டில் 15 எண்ணையும் முதலில் அடித்தவருக்கு ஃபுல் ஹவுஸ் பரிசு, நான் கொடுத்த ஹாட்பேக். அது கிரகப்பிரவேசத்துக்கு என் சித்தி மகள் வாங்கித் தந்தது, பெட்டிகூடப் பிரிக்கவில்லை. யாரோ போட்டோ போட்டுவிட்டார்கள். ஒரு வாரமாக அவள் பேசவில்லை. குடும்ப குரூப்பில், "வாத்தியாருக்கு என்ன பஞ்சம்?" என்று கேள்வி வேறு.

பதில் சொல்கிறேன். பணி ஓய்வு பெற்ற அன்று எனக்கு வந்தவை 9 சுவர்க்கடிகாரம், 31 பொன்னாடை. ஒரு வீட்டுக்கு எத்தனை கடிகாரம் வேண்டும்? பீரோவில் பூச்சி அரித்தால் மரியாதை, இன்னொருவர் வீட்டில் பயன்பட்டால் அவமரியாதையா?

வெட்கப்பட வேண்டியது வேறு. சனிக்கிழமைதோறும் ஒரு பிள்ளைகள் இல்லத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே பிறந்தநாள் கொண்டாட வருகிறவர்கள் ஜிப் போன பை, கால் உடைந்த பொம்மை, பொத்தான் இல்லாத சட்டை எல்லாம் கொண்டுவருகிறார்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் போட்டோ எடுத்து, "சமூக சேவை" என்று ஸ்டேட்டஸ் வைக்கிறார்கள். சேவையா இது? வீட்டைக் கூட்டிய குப்பையை அடுத்தவர் வாசலில் கொட்டும் வேலை!

எனக்கு ஒரே விதிதான். நானே காசு கொடுத்து வாங்கத் தகுந்த பொருளாக இருந்தால் மட்டும் கைமாற்றிக் கொடுப்பேன்.

ஒரு தப்பு என்னுடையது. தங்கச்சியிடம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள், அம்மா. இனி எனக்கு எதுவும் வாங்காதே. ஒரு சனிக்கிழமை என்னோடு வா. இரண்டு பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடு. அந்தப் பரிசை நான் யாருக்கும் தர மாட்டேன்.