எமிக்ரண்ட், இமிக்ரண்ட், அப்புறம் நாங்கள்

"நீங்க மலேசியாவுக்கு எப்ப வந்தீங்க?" செனாய் விமான நிலையத்திலிருந்து நான் அழைத்து வந்த தமிழக நண்பர், காரில் ஏறியதும் கேட்டார். "நான் இங்கதாங்க பொறந்தேன். எங்கப்பாவும் இங்கதான்" என்றேன். "அப்ப புலம்பெயர்ந்த தமிழர்" என்று முடித்துவிட்டார்.

ஆங்கிலத்தில் எமிக்ரண்ட், இமிக்ரண்ட் என்று இரண்டு சொற்கள் உண்டு. எழுத்தில் இரட்டைப் பிள்ளைகள். பார்க்கும் திசைதான் வேறு. விட்டுப்போன மண்ணில் நின்று பார்ப்பவருக்கு அவர் எமிக்ரண்ட். வந்திறங்கிய மண்ணில் நின்று பார்ப்பவருக்கு இமிக்ரண்ட். அந்தக் காலச் சட்டங்களிலும் இந்த வேறுபாடு உண்டு. மலாயாவில் 1907இல் உருவானது தமிழ் இமிக்ரேஷன் நிதி. இந்தியாவில் 1922இல் வந்தது எமிக்ரேஷன் சட்டம். நாகப்பட்டினத்தில் கப்பலேறும்போது ஒரு பெயர், பினாங்கில் இறங்கும்போது இன்னொரு பெயர். ஆள் ஒருவர்தான்.

ஆனால் இரண்டு சொல்லுக்கும் ஒரு நிபந்தனை உண்டு: அந்த ஆள் பயணம் செய்திருக்க வேண்டும். தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் தடுத்துவிட்டது. இங்கேயே தங்கிவிட்டவர்களின் பேரப் பிள்ளைகள் எந்தக் கப்பலில் வந்தார்கள்?

1983க்குப் பிறகு ஊரைவிட்டு ஓடிய ஈழத்து எழுத்தாளருக்குப் 'புலம்பெயர் இலக்கியம்' என்ற பெயர் பொருந்தும். பெயர்ந்தவர் அவரே. அதே அலமாரியில் எங்களையும் அடுக்குவது சோம்பேறித்தனம். அ. ரெங்கசாமியின் நாவல் 'லங்காட் நதிக்கரை'. லங்காட் ஓடுவது சிலாங்கூரில். தலைப்பிலேயே ஊர் இருக்கிறது, பிறகும் காவிரியைத் தேடினால் எப்படி?

இங்கே எங்களைப் 'பெண்டாத்தாங்' என்று அரசியல்வாதி ஒருவர் சொன்னால் நமக்குக் கொதிக்கிறது. மலாயில் 'டாத்தாங்' என்றால் வா. பெண்டாத்தாங் என்றால் வந்தவன், நம்மூர்ப் பேச்சில் வந்தேறி. தமிழக விமர்சகர் மரியாதையாகப் 'புலம்பெயர்ந்தவர்' என்னும்போது மட்டும் மாலை போட்டுக்கொள்கிறோம். இவர் 'வந்தவன்' என்கிறார், அவர் 'போனவன்' என்கிறார். இருவர் கணக்கிலும் நாம் இந்த ஊர்க்காரர் இல்லை.

அந்த அலமாரியில் நின்றால்தான் தமிழகத்தில் புத்தகம் பேசப்படும் என்று நம் எழுத்தாளர்களே சிலர் சொல்கிறார்கள். பேசப்படலாம். ஆனால் அங்கே தேடப்படுவது ஏக்கம் மட்டுமே. செனாயில் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவனின் கதையை அங்கே யார் கேட்பார்கள்?

அடுத்த முறை அழைப்பிதழில் 'புலம்பெயர் எழுத்தாளர்' என்று அச்சிட்டால் திருத்தச் சொல்லுங்கள். 'மலேசியத் தமிழ் எழுத்தாளர்' போதும்.